வயிற்றில் என்ன இருக்கிறது

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இரண்டு விஷயங்களை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஒன்று யானை. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஊர் அது. ராகி கதிர் பிடித்தால் யானைகள் இறங்கிவிடும். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்ற பயத்தில், "பெரியவர் நேத்து கீழ்க்காட்டுல இருந்தாராம்" என்று தாசில்தார் வந்துபோன மாதிரி பேசிக்கொள்வார்கள். இன்னொன்று, நான் முழுகாமல் இருப்பது. அதற்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. யார் கேட்டாலும் எனக்கு வயிற்று வலி, அவ்வளவுதான்.

பேரைச் சொல்லாததால் எந்த யானையும் வராமல் இருந்ததில்லை. இதை ஒரு தடவை மாமியாரிடம் சொல்லியும் பார்த்தேன். அவர் காதில் விழாத மாதிரி களி கிண்டிக்கொண்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். கடைசியில் ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லாமல், கண் படாமல், முந்தானைக்குள் மறைத்து வைத்துப் பெற்றார். அது தங்கியது. அதுதான் என் வீட்டுக்காரர். மறைத்ததால் தங்கியது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவைக் கேள்வி கேட்க எனக்கும் தைரியம் இல்லை. கிருஷ்ணகிரி டவுனில் மாங்காய் மண்டி வாசலில் வாயாடியாக வளர்ந்தவள் நான். இருந்தாலும் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்த அன்றைக்கே என் வாயும் அடைத்துவிட்டது.

இரண்டாவதுக்கு, எல்லாம் மாமியார் சொன்னபடியே நடந்தது. வளையல் போடவில்லை. பழைய சேலை எதையும் கிழித்து வைக்கவில்லை. தூளி கட்ட உத்தரத்தில் கயிறு இல்லை. பிள்ளை வரப்போகிறது என்பதற்கு அந்த வீட்டில் ஓர் அடையாளமும் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவச்சிக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வலி எடுத்த மத்தியானம் அவள் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு மருத்துவச்சியைத் தேடி அடுத்த ஊருக்குப் பறந்தார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து, பாதையில் யானைகள். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பிள்ளையை மாமியாரே எடுத்தார். கொஞ்சம் அழுதது. பிறகு முனகியது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், எங்கள் வேதத்தில் அதற்கு அனுமதி உண்டு. மாமியார் சொம்பைக் கையில் எடுத்தார். ஊற்றவில்லை. ஊற்றினால் பிள்ளை சாகப்போகிறது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்துவிட்டார். சொம்பைப் பிடித்தபடி நின்றார், நின்றார், அதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றாத பிள்ளையைக் கல்லறை வேலிக்கு உள்ளே புதைக்க மாட்டார்கள். வேலிக்கு வெளியே, எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் புதைத்தார்கள்.

அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. சரியாகச் சொன்னால், நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை, இத்தனைக்கும் முட்டாள்தனம் நிறையவே செய்திருக்கிறேன்.

மூன்றாவது உண்டானபோது அறுபதுகள் முடியப்போகும் சமயம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு பெரிதாகப் பெரிதாகப் பயம்தான் பெரிதானது. இது இருக்குமா, போகுமா? அது ஒன்று தெரிந்தால் போதும், போகிறதாக இருந்தாலும் சரி, தெரிந்தால் போதும் என்று இருந்தது. பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். அவர்கள் ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமென்றால் கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எது கையில் வருகிறதோ அதுதான் சாமி சொன்ன பதில். நான் அதை மாதா படத்துக்கு முன்னால் செய்ய ஆரம்பித்தேன். பூசை வைக்க வரும் பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

வெள்ளரளி வந்தால் பிள்ளை தங்கும். செவ்வரளி வந்தால் தங்காது. முதலில் வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தேன். அப்புறம் தினமும். சிவப்பு வந்தால் வெள்ளை வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பேன். வெள்ளை வந்தாலோ நம்பிக்கை வராது, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கை நமைச்சல் எடுக்கும். வீட்டு வேலை கிடந்தது. சோறு இறங்கவில்லை. சேலை கட்டும்போதுகூட என் கை வயிற்றில் படாமல் பார்த்துக்கொண்டேன். மாதாவும் பாவம், என்னிடம் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

ஒரு நாள் காலையில் சிவப்பு வந்தது. மறுபடியும் சிவப்பு. பொட்டலத்தை மாற்றிக் கட்டி, கண்ணை மூடி, ஜெபம் சொல்லி எடுத்தேன். சிவப்பு. வீட்டுக்காரர் மூங்கில் வெட்டப் போயிருந்தார், மாமியார் ராகிக் காட்டில் இருந்தார். வீட்டில் யாரும் இல்லை. பொட்டலங்களை அடுப்பில் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. எதிரே கிணறு. அந்தப் பக்கம் கால் போகாமல் இருக்க நிலைக்கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அழக்கூட வரவில்லை.

அப்போது உள்ளே இருந்தது உதைத்தது. லேசான உதை இல்லை, நல்ல உதை. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரண்டு, முட்டியோ முழங்கையோ தெரியவில்லை, என் விலாவில் இடித்து, கொஞ்சம் ஓய்ந்து, திரும்பவும் இடித்தது. எனக்குத் திக்கென்றது. சிவப்பு வந்த சமாச்சாரம் அதற்குத் தெரியாது. அதற்கு முன்னால் இரண்டு போனதும் தெரியாது. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதற்கும் தெரியும். ஆனால் அது பாட்டுக்குக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான்தான் உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தது. பைத்தியக்காரி மாதிரி ஒற்றை ஆளாக உட்கார்ந்து சிரித்தேன். நிலைக்கட்டையிலிருந்து கையை எடுத்து, முதல் தடவையாக, வயிற்றின் மேல் வைத்தேன். அதுவரை வராத அழுகையும் அப்போதுதான் வந்தது. என்ன விளையாட்டு உனக்கு என்று கேட்டேன். இன்னொரு உதை விழுந்தது.

அதற்குப் பிறகு நான் பூப் பார்க்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது பாட்டுக்கு இருந்தது, ஆனால் அதன் பேச்சை நான் கேட்பதில்லை என்று ஆனது. பிள்ளையோடு பேச ஆரம்பித்தேன். களி கிண்டும்போது களியைப் பற்றிப் பேசினேன், மாட்டைப் பற்றி, அதன் அப்பாவின் குறட்டையைப் பற்றி. மாமியார் காதைப் பொத்திக்கொள்வார். பழைய சேலையைக் கிழித்து, துவைத்து, எல்லாரும் பார்க்கும்படி வேலியில் காயப்போட்டேன். அவர் வந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான் திரும்பவும் போட்டேன். இப்படியே ஒரு வாரம் வேலிக்கும் வீட்டுக்குமாகத் துணி நடந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பூசைக்கு வரும் சாமியார் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி என்றால் எங்கள் ஊரில் நடுக்கம். வயிற்றை அறுப்பார்கள், என்ன பாஷையோ பேசுவார்கள், போனவள் முழுசாகத் திரும்ப மாட்டாள் என்பார்கள். நான் அங்கே போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அங்கே போனால் நல்லபடியாக ஆகுமா என்று கேட்டார். தெரியாது, இங்கே என்ன ஆகும் என்பதுதான் தெரியும் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தார்.

ராகி முற்றி நின்ற சமயம். யானை இறங்காமல் வயல் பரணில் காவல் இருக்க வேண்டும், அவரால் வர முடியாது. மாமியார்தான் துணைக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு. வழியில் யாரிடமும் சொல்லக்கூடாது. அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன், சரி என்று தலையாட்டினேன். ஒரு கம்பளியை என் மேல் போர்த்தி, கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடி, பஸ்ஸில் ஏற்றினார். வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்ப வருவ என்று கேட்டார். தெரியாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு அப்படி ஒரு குஷி. அவரும் சிரித்துவிட்டார்.

ஓசூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். பஸ் கிளம்பியதுமே முதுகில் லேசாக வலி எடுத்தது. நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். எல்லைச் செக்போஸ்ட் வருவதற்குள் வலி வயிற்றுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷங்களில் அரிசிக்குக் கட்டுப்பாடு. நம் பக்கத்து அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் நல்ல காசு. பொம்பளைகள் துணிப்பையில் அரிசியை நிரப்பித் தைத்து, வயிற்றோடு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். போலீஸுக்கும் அது தெரியும். அதனால் செக்போஸ்ட்டில் மூட்டை முடிச்சைப் பார்ப்பதற்கு முன்னால் பொம்பளைகளின் இடுப்பைத்தான் பார்ப்பார்கள். பட்டப்பகலில், வெயிலில், கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்தால் எந்தப் போலீஸ்காரருக்குத்தான் சந்தேகம் வராது?

அவர் என் முன்னால் வந்து நின்றார். "வயித்துல என்னம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க."

ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. ஒன்றுமில்லாமலா இம்மாம் பெரிசாக இருக்கிறது, இறங்கு என்றார் போலீஸ்காரர். மாமியார் பதறிப்போய், வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். அந்த வயிற்று வலியைப் போலீஸ்காரர் அன்றைக்கே பலபேரிடம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. எங்கள் மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். இறங்கி ரோட்டோரம் நின்றோம். கம்பளிக்குள்ளே எனக்கு வியர்த்து ஊற்றியது. வலி இடுப்பைப் பிடித்துத் திருகியது. டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மாமியாருக்கு வாய் கோணிக்கொண்டு போனது. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, பொய்யை விடவும் முடியவில்லை. போன தடவை சொம்போடு நின்ற அதே முகம்.

இந்தப் பிள்ளையையும் நாங்கள் சொல்லாமலே சாகடிக்கப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. கம்பளியை உருவி ரோட்டில் எறிந்தேன்.

"பிள்ளைங்க. என் வயித்துல பிள்ளை இருக்குது. உயிரோட இருக்குது. இன்னிக்குப் பொறக்கப் போவுது. நாளைக்கு இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இப்ப இருக்குது. வேணும்னா தொட்டுப் பாருங்க."

கத்தித்தான் சொன்னேன். பஸ் மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. போலீஸ்காரர் பாம்பை மிதித்தவர் மாதிரி பின்னால் போனார். காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு கன்னடக்கார அம்மாள் இறங்கி வந்து, கேட்காமலே என் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, அந்தப் போலீஸ்காரரைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி ஒரு பிடி பிடித்தாள். அவருக்கு இரண்டும் புரிந்த மாதிரிதான் இருந்தது. அவரே எங்கள் மூட்டையைத் தூக்கி ஏற்றினார். எனக்கு முன் சீட்டைக் காலி செய்தார்கள். எத்தனையாவது, எந்த ஊர், ஆணா பெண்ணா என்ன வேண்டும் என்று ஆளாளுக்கு மூன்று பாஷையில் கேட்டார்கள். ஒருவர் கொய்யாப்பழம் கொடுத்தார். வலி வரும்போது அந்தக் கன்னடக்கார அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்வேன், விட்டதும் சிரிப்பேன். பொண்ணு பிறந்தால் வைக்கச் சொல்லி ஒரு பேரும் சொன்னாள். என் பிள்ளை வருகிறது என்று முன்பின் தெரியாத ஒரு பஸ் நிறைய ஜனம் சந்தோஷப்பட்டது. இந்த மாதிரி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாமியார் மட்டும் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். சின்ன உருவம். உதடு லேசாக நீலம். கன்னியாஸ்திரி உடனே தண்ணீர் ஊற்றிப் பேர் கேட்டார், பஸ்ஸில் வாங்கிவந்த பேரையே சொன்னேன். டாக்டரம்மா குழாயை வைத்து நெஞ்சில் வெகுநேரம் கேட்டார். இருதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது, நன்றாக வளரவும் செய்யலாம், வளராமலும் போகலாம், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார். மாமியார் என் காதருகில் குனிந்து, "மொகத்தப் பாக்காதம்மா. பாத்தா விட முடியாது" என்றார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் பார்த்தேன். கண் வலிக்கும்வரை பார்த்தேன். ஒரு காதுமடல் மடிந்திருந்தது. இடது கன்னத்தில் மட்டும் குழி. பால் குடிக்கும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து, நீ யார் என்கிற மாதிரி என்னைப் பார்ப்பாள், பிறகு போனால் போகிறது என்று மூடிக்கொள்வாள். வெயில் பட்டால் தும்முவாள். ஊருக்கு வந்த பிறகு உத்தரத்தில் கயிறு போட்டுத் தூளி கட்டினோம். வீட்டுக்காரர் பரணிலிருந்து இறங்கியதும் கை கால் கழுவாமல் தூளிக்கு ஓடுவார், நான் விரட்டுவேன். தினமும் காலையில் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

ராகி அறுத்து, களத்தில் அடித்து, போர் போட்டு முடியும்வரை இருந்தாள். ஒரு மத்தியானம் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு என்னிடம் ஒரு சந்தோஷமும் இல்லை. இருந்தது என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவேன். மண்ணில் புரண்டேன். மாதா படத்தைத் திருப்பி வைத்தேன். வேலிக்கு உள்ளே புதைத்தார்கள், பேர் எழுதிச் சிலுவை நட்டார்கள், அதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. கிணற்றைப் பார்த்தால் திரும்பவும் கால் இழுத்தது. நடுரோட்டில் நின்று ஊருக்கே சொன்னாளே, அதனால்தான் போனது என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள். மாமியாரும் அதைத்தான் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெகுநாள் கழித்து, இரண்டு பேரும் களத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தோம். முறத்தை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு எந்தக் காது மடிஞ்சிருந்தது?"

அத்தனை நாள் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தும் அவர் ஒரு தடவைகூட முகத்தை நேராகப் பார்க்கவில்லை; காது சமாச்சாரம் நான் சொல்லிக் கேட்டதுதான். பயந்து பயந்து, தூளியை முதுகுக்குப் பின்னால் வைத்தே ஆட்டியிருக்கிறார். அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வலது காது, அத்தை என்றேன். வேற என்று கேட்டார். கன்னக்குழியைச் சொன்னேன். தும்மலைச் சொன்னேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பதைச் செய்து காட்டினேன். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது, என்னிடம் இவ்வளவு இருந்தது. போனதுகளில் முதல் இரண்டுக்கும் அழ மட்டும்தான் எனக்குத் தெரியும். இவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார முடிந்தது.

அடுத்த வருஷம் திரும்பவும் முழுகாமல் இருந்தேன். இந்தத் தடவை எனக்கே வாய் வரவில்லை. தைரியம் ஒரு தடவை வந்தால் கூடவே தங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், மாமியாருக்குத் தெரிந்திருக்கும். மூன்று பேரும் பழையபடி வயிற்று வலி என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு நடமாடினோம்.

சந்தை நாளில் மாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்குப் போனார். உப்பு, மிளகாய் வாங்கினோம். திரும்பும் வழியில் வளையல்கார பாய் கடை விரித்திருந்தார், சுற்றிலும் எங்கள் ஊர்ப் பொம்பளைகள். மாமியார் அவர்களை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தார். பிறகு சந்தைக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"பாய், என் மருமவ முழுவாம இருக்குறா. கை நெறைய வளையல் போடு. புள்ள தங்குமான்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது. ஆனா வருது."

எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.